எதிர் வரிசை வீடு

அம்மா இறந்த பதினோராம் நாள் தலைமையாசிரியர் கலைவேந்தன் போன் செய்தார். பள்ளி ஆண்டு மலரில் அம்மாவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம். வாழ்க்கைக் குறிப்பு, வாங்கிய விருதுகள், உருவாக்கிய மாணவர்கள். மகளே எழுதித் தந்தால் நன்றாக இருக்கும் என்றார். சற்று நிறுத்திவிட்டு, "நல்லத மட்டும் எழுதும்மா. அந்தப் பொண்ணு விஷயமெல்லாம் வேணாம். படிக்கப்போறது பசங்க" என்றார்.

அந்தப் பெண்ணின் பெயர் தென்றல். அவளை விட்டுவிட்டு எழுத முயன்று பார்த்தேன். முக்கால் பக்கம் வந்தது. அதில் இருந்த ஆசிரியை யாரென்று எனக்குத் தெரியவில்லை. கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். இது மலருக்குப் போகாது.

அம்மாவின் பெயர் சாரதா. செலியமேட்டில் பிறந்தாள். வேதியியலும் பி.எட்.டும் படித்து, 1998-இல் புதுச்சேரியின் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளி. நடுவில் இரண்டு வருடம் காரைக்காலுக்கு மாற்றல். மற்றபடி கடைசிவரை அதே பள்ளி, அதே ஆய்வுக்கூடம், அதே ஒழுகும் குழாய். அப்பா பெயர் உத்திராபதி, மில்லில் வேலை பார்த்தவர். நான் பொறியியல் இரண்டாம் வருடம் படிக்கும்போது போய்விட்டார். வீட்டில் அம்மாவும் நானும்தான். நான் ஒரே பெண். ஆனால் அம்மாவுக்கு நான் ஒருத்தி மட்டும் இல்லை.

ஒருமுறை ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியரை மாணவர் வழிகாட்டியாக நியமிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. சம்பளம் கூடாது, வகுப்பும் குறையாது. ஆசிரியர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அம்மா கையைத் தூக்கினாள். அதன்பிறகு அறிவியல் கண்காட்சி, உதவித்தொகைத் தேர்வு, வினாடி வினா, சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதாரில் தப்பான பிறந்த தேதி என்று எல்லாம் அவள் மேசைக்கு வந்தன.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. பிப்ரவரிக் கடைசியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு வெள்ளைத்தாள் கொடுப்பாள். மூன்று விஷயம் எழுத வேண்டும். எவ்வளவு மதிப்பெண் வரும், என்ன படிக்க ஆசை, அதற்கு வீட்டில் யார் குறுக்கே நிற்பார்கள். மூன்றாவதுதான் அவளுக்கு முக்கியம். பரீட்சை முடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, குறுக்கே நிற்பவர்களைத் தேடிப் போவாள். அம்மா, அப்பா, அண்ணன், கல்யாணம் பேசிவைத்த அத்தை. ஒரு பெண் 'பெரியப்பா சாமிக்கண்ணு' என்று எழுதியிருந்தாள். அம்மா அவரைக் கழனியிலேயே பிடித்தாள். "இன்னா டீச்சர், சேத்துல எறங்கி வந்துட்டீங்க?" என்று அவர் கேட்க, "நீங்க ஸ்கூல் படி ஏற மாட்டேன்றீங்களே, அதான் நான் எறங்கிட்டேன்" என்றாளாம். அந்தப் பெண் இப்போது நர்ஸ். ஒரு பையன், 'அப்பா குடிப்பார், குறுக்கே நிற்க மாட்டார், நிற்கவே மாட்டார்' என்று எழுதியிருந்தான். அதைச் சொல்லி அம்மா ஒரு வாரம் சிரித்தாள்.

என்னிடம் அந்தத் தாளை யாரும் நீட்டவில்லை. நான் அரியாங்குப்பத்தில் தனியார் ஆங்கிலப் பள்ளியில் படித்தேன். அரசுப் பள்ளி ஆசிரியர்களின் பிள்ளைகள் தனியார் பள்ளிக்குப் போவது எங்கள் பக்கத்தில் யாரும் கேள்வி கேட்காத வழக்கம். என் பள்ளி ஆண்டு விழாவும் அவள் பள்ளி ஆண்டு விழாவும் பெரும்பாலும் ஒரே வாரத்தில் வரும். அப்பாதான் வருவார். இதை நான் அவளிடம் ஒருபோதும் சொன்னதில்லை. வேறு விதத்தில் காட்டியிருக்கிறேன். போனை எடுக்காமல் இருப்பது, எடுத்தால் பாதிக் கவனத்தில் பேசுவது.

தென்றல் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அவள் பெயரை முதலில் கேட்டேன். அறிவியல் கண்காட்சிக்கு வெள்ள எச்சரிக்கைக் கருவி செய்யப் போகிறாள், மிதவை சுவிட்சும் பஸ்ஸரும் வேண்டும், நீ சென்னையில்தானே இருக்கிறாய் என்று அம்மா போன் செய்தாள். தண்ணீர் சுத்திகரிப்பு நிலையங்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைப் பொருத்தி ஓட்டிக் காட்டுவது என் வேலை. மிதவை சுவிட்ச் எனக்குப் பெரிய விஷயமில்லை. ஒரு டஜன் வாங்கி அனுப்பினேன். தென்பெண்ணையில் தண்ணீர் ஏறினால் சோரியாங்குப்பம் பக்கம் முதலில் நனைவது அவள் தெருதான். அதனால் அவளுக்கு அது கண்காட்சிப் பொருள் மட்டுமல்ல.

நடுவர் ஒருவர், "யாரு செஞ்சி குடுத்தது, உங்க மிஸ்ஸா?" என்று கேட்டாராம். தென்றல் எல்லா ஒயரையும் பிடுங்கி மேசைமேல் போட்டு, அவர் கண் முன்னால் மறுபடி மாட்டி, பஸ்ஸரை அலறவிட்டாள். மாநில அளவில் முதல் பரிசு. பள்ளி வாசலில் பேனர் வைத்தார்கள். தலைமையாசிரியர் படம் பெரிதாக, தென்றல் படம் தபால்தலை அளவில், அம்மா படம் இல்லை. அம்மா அந்தப் பேனரைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினாள். 'நம்ம பொண்ணு' என்று கீழே எழுதியிருந்தாள். நான் கட்டை விரலைக் காட்டும் பொம்மை ஒன்றை அனுப்பினேன்.

தென்றலின் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோரியாங்குப்பத்தைத் தாண்டியதும் வரும் சிறிய தெரு. கிழக்கு வரிசை வீடுகள் புதுச்சேரி. மேற்கு வரிசை தமிழ்நாடு. நடுவில் இரண்டு மாட்டு வண்டி அகலம்தான். கிழக்கு வரிசையின் மின்கட்டணம் பாகூருக்குப் போகும், மேற்கு வரிசையுடையது கடலூருக்கு. ஓட்டுப் போட எதிரெதிர்த் திசையில் நடப்பார்கள். மற்றபடி ஒரே கோயில், ஒரே சாவு, ஒரே கல்யாணம். தென்றலின் தாய்மாமன் இருசப்பன் வீடு கிழக்கு வரிசையில் இருந்தது. அப்பா அய்யனாரும் அம்மா செங்கமலமும் நேரெதிரே மேற்கு வரிசையில் இருந்தார்கள். இருவரும் கூலி வேலை. தென்றலுக்கு ஒரு தங்கச்சி. தென்றல் பிறந்தது புதுச்சேரி ஆஸ்பத்திரியில். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது மாமன் வீட்டு விலாசத்தைக் கொடுத்தார்கள். அந்தத் தெருவில் எல்லோரும் அப்படித்தான். பக்கத்தில் இருக்கும் பள்ளி புதுச்சேரிப் பள்ளி. ஆசிரியர்களுக்கும் தெரியும். பிள்ளைகள் வந்தால் போதும் என்று யாரும் கேட்பதில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

பத்தாம் வகுப்பில் தென்றல் தன் வெள்ளைத்தாளில் எழுதியிருந்ததை நான் இப்போதுதான் பார்த்தேன். 470 வரும். விவசாயம் படிக்க ஆசை. குறுக்கே நிற்க யாரும் இல்லை, எங்க வீட்டில் எல்லாரும் டீச்சர் சொல்வதைத்தான் கேட்பார்கள்.

478 வந்தது. பாகூரில் மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்தாள். அங்கே போன பிறகும் சனிக்கிழமை தவறாமல் அம்மாவிடம் வந்தாள். ஒரு மழையில் அவள் வீட்டில் தண்ணீர் புகுந்து புத்தகங்கள் நனைந்ததும், அவளுடைய அசல் சான்றிதழ்களை எல்லாம் அம்மா எங்கள் மாடி பீரோவில் வாங்கி வைத்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் 563. வேளாண்மைப் படிப்புக்கு நுழைவுத்தேர்வு இல்லை, மதிப்பெண்தான். தமிழ்நாட்டில் விண்ணப்பித்தால் இடம் கிடைக்கும் மதிப்பெண். புதுச்சேரியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான ஒதுக்கீட்டில் போட்டால் காரைக்கால் வேளாண் கல்லூரியில் நிச்சயம் என்று அம்மா கணக்குப் போட்டாள். காரைக்கால் அவளுக்குத் தெரிந்த ஊர். விடுதிக் காப்பாளர் முதல் மெஸ் வரை தெரியும்.

இரண்டிலும் போடலாமே என்று அய்யனார் கேட்டார். அது முடியாது என்பது அம்மாவுக்குத் தெரியும். அங்கே தமிழ்நாட்டுக்காரி என்றும் இங்கே புதுச்சேரிக்காரி என்றும் ஒரே வருடத்தில் எழுதிக் கொடுத்தால் இரண்டும் போய்விடும். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ்நாட்டு விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி முதலில் வந்தது. அதற்கு நான்கு நாள் முன்பு அம்மா எனக்குப் புதுச்சேரி விளக்கக் கையேட்டை அனுப்பினாள். அறுபது பக்கம், ஆங்கிலம், பொடி எழுத்து. சர்க்கரையால் அவள் கண் மங்கியிருந்தது.

அன்று நான் ராணிப்பேட்டையில் இருந்தேன். ஒரு பம்ப் அறை ஓடவில்லை, வாடிக்கையாளர் தலைமேல் நின்றார். மதியம் அம்மா கூப்பிட்டாள்.

"அனுப்பினேனே, பாத்தியாடி?"

"பாத்தேம்மா."

"இன்னா போட்டிருக்கான்? ஒண்ணுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் நம்ம கவர்ன்மென்ட் ஸ்கூல்ல படிச்சிருந்தா போதுமா, குடியிருப்பும் கேக்கறானா?"

"படிச்சிருந்தா போதும்."

"நல்லா பாத்தியா? இவளுக்கு ரேஷன் கார்டு அந்தப் பக்கம். தப்பாயிட்டா அங்கயும் போயிடும், இங்கயும் போயிடும்."

"மா, முந்நூறு பக்கம் மேனுவல் படிக்கிறவ நானு. போதும்னா போதும். வேலை இருக்கு."

நான் பார்த்தது ஒரு பக்கம். ஒதுக்கீடு என்ற சொல்லைத் தேடினேன், முப்பத்து நான்காம் பக்கம் வந்தது, அந்தப் பத்தியைப் படித்தேன். ஒன்று முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. சரிதான். அந்த ஒதுக்கீடே புதுச்சேரியில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் என்பது ஆறாம் பக்கத்தில் இருந்தது. பொதுத் தகுதி என்ற தலைப்பில், முதல் வரியில். எந்தக் கருவியின் கையேட்டையும் நான் முதல் பக்கத்திலிருந்து படிக்காமல் மின்சாரம் கொடுக்க மாட்டேன். என்னிடம் வேலை கற்கும் பிள்ளைகளை அதற்காகத் திட்டுவேன்.

போனில் சொன்னது போதாதென்று மாலையில் அம்மா கேட்டதற்காக வாட்ஸ்அப்பிலும் எழுதினேன். 'படித்திருந்தால் போதும். தமிழ்நாடு வேண்டாம்.' இரண்டாவது வாக்கியத்தை அவள் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தது.

தமிழ்நாட்டுத் தேதி முடிந்தது. மூன்று வாரம் கழித்துப் புதுச்சேரி வரைவுப் பட்டியல் வந்தபோது தென்றல் பெயர் வெளிமாநிலத்தவர் வரிசையில் இருந்தது. குறையைச் சரிசெய்ய ஒரு வாரம் கொடுத்திருந்தார்கள். குடியிருப்புச் சான்று வேண்டும்.

இருசப்பன் ஒரு வழி சொன்னார். குடும்பமே தன் வீட்டில்தான் இருக்கிறது என்று மனு கொடுக்கலாம், விசாரணைக்கு வரும் அன்று அப்படியே காட்டலாம். தெருவில் பலர் செய்ததுதான். அம்மா தன் வாழ்நாளில் ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணில் அரை மதிப்பெண் கூட்டிப் போட்டவள் இல்லை. அன்று ஒத்துக்கொண்டாள். விசாரணை நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு இருசப்பன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். துணி மூட்டை, தலையணை, தென்றலின் புத்தகங்கள் எல்லாவற்றையும் காலையிலேயே தெருவைக் கடந்து கொண்டுவந்திருந்தார்கள். செங்கமலம் அண்ணன் வீட்டு அடுப்பில் குழம்பு வைத்திருந்தாள்.

கிராம நிர்வாக அலுவலர் வயதானவர், மரியாதையாகப் பேசினார். எத்தனை வருடம் இங்கே இருக்கிறீர்கள், எத்தனை பேர், என்று கேட்டு எழுதிக்கொண்டார். எல்லாம் சரியாகப் போனது. வெயில். கிளம்பும்போது குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார்.

"தோ, எடுத்தாறேன் சார்" என்று செங்கமலம் எழுந்தாள். வாசலில் இறங்கித் தெருவைக் கடந்து, எதிர் வரிசையில் தன் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனாள். தன் பானையிலிருந்து தன் சொம்பில் தண்ணீர் மொண்டு, திரும்பத் தெருவைக் கடந்து வந்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

அவர் அதை வாங்கிக் குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். கையிலிருந்த தாளை மடித்துப் பையில் வைத்தார். "நல்ல தண்ணிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அவர் தெருமுனை திரும்பும்வரை செங்கமலத்துக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது. வந்தவர் தண்ணீர் கேட்டால் நம் வீட்டுத் தண்ணீர்தானே கொடுப்போம் என்று அம்மா பிற்பாடு என்னிடம் சொன்னாள். செங்கமலத்தின் மேல் அவளுக்குக் கோபமே வரவில்லை.

சான்று மறுக்கப்பட்டது. அதில் எந்தத் தவறும் இல்லை. அவர்கள் அங்கே குடியிருக்கவில்லை.

அன்று மாலை அம்மா எனக்குப் போன் செய்தாள். "ஆறாம் பக்கத்துல இருந்துச்சாம்டி" என்றாள். அவ்வளவுதான். நான் கையேட்டைத் திறந்து ஆறாம் பக்கத்தைப் பார்த்தேன். பிறகு, அடுத்த வருஷம் தமிழ்நாட்டில் போட்டுக்கொள்ளலாம், ஒரு வருஷம்தானே என்று சொன்னேன். அம்மா, ஆமாம், ஒரு வருஷம்தானே என்று திருப்பிச் சொல்லிவிட்டு வைத்தாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு மறுநாள் சோதனை ஓட்டம் இருந்தது. அது நன்றாக ஓடியது.

மறுநாள் அவள் அந்தத் தெருவுக்குப் போய், தப்பு என்னுடையது, நான் சரியாகப் படிக்கவில்லை என்று சொன்னாள். என் பெயரை எடுக்கவில்லை. அய்யனார் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். செங்கமலம்தான் பேசினாள்.

"எங்க புள்ளய ஊரு ஸ்கூல்ல வச்சி சோதன பாத்தீங்க. ஒங்க புள்ளய மட்டும் பிரைவேட்ல போட்டு இஞ்சினீயர் ஆக்கிட்டீங்க. நல்லாருங்க டீச்சர்."

இதை அம்மா என்னிடம் சொன்னபோது குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. செங்கமலம் சொன்னதில் எது தப்பு என்று என்னையே கேட்டாள்.

தென்றல் மாத்திரை கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலைக்குப் போனாள். கம்பெனி வேன் தெருமுனைக்கு வரும். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவது நின்றது. அவளுடைய சான்றிதழ்கள் எங்கள் பீரோவிலேயே இருந்தன. வந்து வாங்கிக்கொள் என்று அம்மா இரண்டு முறை சொல்லி அனுப்பினாள். இருக்கட்டும், எனக்கு எதற்கு என்று பதில் வந்ததாம்.

பள்ளியிலும் விஷயம் பரவியது. வழிகாட்டிப் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுக்கலாமா என்று கலைவேந்தன் ஆசிரியர் கூட்டத்தில் பொதுவாகக் கேட்டார். அம்மா சாவியையும் கோப்புகளையும் அங்கேயே மேசையில் வைத்தாள். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் அங்கேயே கிடந்து மறுபடி அவளிடமே வந்தது. அந்த வருடம் பிப்ரவரியில் பிள்ளைகளுக்கு வெள்ளைத்தாள் கொடுக்கவில்லை. எந்தப் படிவத்தையும் தானே பூர்த்தி செய்வதில்லை என்று வைத்துக்கொண்டாள். கேட்க வந்த பெற்றோரிடம், கம்ப்யூட்டர் சென்டரில் கேளுங்கள் என்றாள். இருபத்தாறு வருடத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை. கம்ப்யூட்டர் சென்டர்காரன், டீச்சரைக் கேளுங்கள் என்று திருப்பி அனுப்பினான்.

மார்ச் மாதம் செய்முறைத் தேர்வு நாளில், ஆய்வுக்கூடத்தில் சோதனைக்கான உப்புகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருக்கும்போது சாய்ந்தாள். மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. இதயம், சர்க்கரை, வயது ஐம்பத்து நான்கு. டாக்டர் சொன்ன காரணங்கள் இவை. நான் வேறொன்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன். அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

பழைய மாணவர்கள் நிறைய பேர் வந்தார்கள். போலீஸ்காரர், நர்ஸ், மின்துறை ஊழியர் என்று ஒவ்வொருவரும் என்னிடம் வந்து, டீச்சரால்தான் ஆளானோம் என்றார்கள். அய்யனார் தெருமுனையில் நின்றிருந்தார். உள்ளே வரவில்லை. எடுக்கும்வரை நின்றுவிட்டுப் போனார். தென்றல் வரவில்லை.

மே மாதம் பீரோவைத் திறந்தேன். அவளுடைய கோப்பு தனியாக இருந்தது. அந்த வருடத்துத் தமிழ்நாட்டு வேளாண் விண்ணப்பம் தொடங்கி ஐந்து நாள் ஆகியிருந்தது. கையேட்டை அச்செடுத்தேன். இந்த முறை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை இரண்டு தடவை படித்தேன். கோப்பையும் அதையும் எடுத்துக்கொண்டு ஒரு மதியம் அந்தத் தெருவுக்குப் போனேன்.

தென்றல் கம்பெனிச் சட்டையில் இருந்தாள். ஒன்றரை மணி ஷிப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். படத்தில் பார்த்ததைவிட உயரம். செங்கமலம் என்னை யாரென்று கேட்டு, தெரிந்ததும் உள்ளே போய்விட்டாள். தண்ணீர் வரவில்லை.

நான் சுற்றிவளைக்கவில்லை. தப்பு அம்மாவுடையது இல்லை, நான் ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்று சொன்னேன், அவள் நம்பினாள், என்று சொன்னேன்.

"தெரியும்க்கா" என்றாள்.

"அம்மா சொன்னாங்களா?"

"டீச்சர் சொல்லல. அன்னிக்கி நீங்க மெசேஜ் அனுப்புனப்ப போன் என் கையிலதான் இருந்துச்சி. டீச்சருக்குக் கண்ணு தெரியல, நான்தான் படிச்சிக் காட்டுனேன். தமிழ்நாடு வாணாம்னு போட்டிருந்தீங்க." டிபன் பாக்ஸை அழுத்தி மூடினாள். "டீச்சர் வந்து எங்க வூட்டு வாசல்ல தப்பு என்னுதுன்னு நின்னாங்க. எங்கம்மா அவ்ளோ பேச்சு பேசுச்சி. அப்பவே உங்க பேர நான் சொல்லியிருக்கலாம். டீச்சர் என்னப் பாத்தாங்க, சொல்லாதன்ற மாதிரி. சொல்லல. அதுக்கப்பறம் எந்த மூஞ்ச வச்சிக்கினு உங்க வூட்டுக்கு வர்றது?"

நான் பத்து மாதமாகச் சேர்த்து வைத்திருந்த வாக்குமூலம் அவளுக்குப் பழைய செய்தி. அம்மா என்னைக் காப்பாற்றியதற்கு அந்தப் பெண்ணும் விலை கொடுத்திருக்கிறாள் என்பது எனக்குத்தான் புதிய செய்தி.

சான்றிதழ்க் கோப்பை நீட்டினேன். வாங்கி, ஒவ்வொரு சான்றிதழாக எடுத்துப் பார்த்து, வரிசைப்படி திரும்ப வைத்தாள். தங்கச்சியைப் பற்றிக் கேட்டேன். அவளை இந்த வருடம் தமிழ்நாட்டுப் பள்ளியில் மாற்றிவிட்டார்களாம். மூன்று கிலோமீட்டர் சைக்கிள். தெருவில் இன்னும் நான்கு வீட்டுப் பிள்ளைகளும் மாறிவிட்டார்களாம். "எங்களப் பாத்து பயந்துட்டாங்க" என்றாள்.

விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து பூர்த்தி செய்கிறேன், எல்லாவற்றையும் படித்துவிட்டேன், ஜூன் எட்டுவரை நேரம் இருக்கிறது என்று சொன்னேன். தென்றல் கையேட்டை வாங்கினாள். முதல் பக்கத்தைத் திறந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து, விரலை வரிக்கு வரி நகர்த்திப் படிக்க ஆரம்பித்தாள். தெரியாத சொல் வந்தால் போனில் தட்டிப் பார்த்தாள். நான் பக்கத்தில் நின்றேன். எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். அவள் என்னைக் கேட்கவில்லை.

ஒன்பதாம் பக்கத்தில் நின்றாள். தமிழ்நாட்டுக்கு வெளியே படித்தவர்கள், சொந்த ஊர் தமிழ்நாடு என்று காட்டும் பிறப்பிடச் சான்று இணைக்க வேண்டும் என்ற பத்தி.

"இத எந்த ஆபீஸ்ல குடுப்பாங்க?" என்று தனக்குள் கேட்பதுபோலக் கேட்டாள்.

"கடலூர் தாலுகா ஆபீஸ்னு நெனக்கிறேன். நான் விசாரிச்சிச் சொல்றேன்" என்றேன்.

நெனக்கிறேன் என்ற சொல் வாயைவிட்டுப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமில்லை. ஓடாத ஒரு கருவியைச் சோதித்து, இது இனி வேண்டாம் என்று ஒதுக்கி வைக்கும்போது நான் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள்.

"வாணாங்க்கா. நானே போயி கேட்டுக்கறேன்."

தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. கையேட்டை மடித்து டிபன் பையில் வைத்தாள். கோப்பை உள்ளே கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். கதவுக்குப் பின்னால் செங்கமலம் நிற்பது தெரிந்தது. வேன் போகும்வரை அவளும் வெளியே வரவில்லை, நானும் நகரவில்லை. பிறகு கதவு உள்ளிருந்து சாத்தப்பட்டது.